அடைவை வாங்க வேண்டாம், நாமே போடுவோம்: ராமநாதபுரம் கடற்கரைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், பெரியபட்டினம், கீழக்கரை, வாலிநோக்கம் என்று மூக்கையூர் வரைக்கும் கடலை ஒட்டி இருக்கிற பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களுக்கும், தலைமை ஆசிரியர்களுக்கும், முன்னாள் மாணவர்களாகக் குழுவுக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இப்போது வாரத்துக்கு இரண்டு மத்தியானம் நம் கரையோரப் பள்ளி ஒன்றின் நூலகத்தில் போய் உட்காருகிறேன். யாரும் வேலைக்கு வைக்கவில்லை, பிள்ளைகள் வந்து எதையாவது கேட்பார்கள், தேடிக் கொடுப்பேன், அவ்வளவுதான். அப்படி உட்கார்ந்திருந்ததில் மனதில் பட்டதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொண்டு படித்துவிடுங்கள்.

அந்தப் பள்ளியில் நூலகத்துக்கென்று கொஞ்சம் பணம் சேர்ந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் அனுப்பியது. எதில் போடுவது என்று கூட்டம் போட்டார்கள். ஒரு தம்பி எழுந்து, அங்கே தன் மகன் படிக்கும் பள்ளியில் பத்திரிகைகளுக்கு இன்டெக்ஸ் வாங்கி வைத்திருக்கிறார்கள், கம்ப்யூட்டரில் தலைப்பைப் போட்டால் எந்த இதழ், எந்த மாதம், எந்தப் பக்கம் என்று வந்து நிற்கும், நாமும் ஆண்டுச் சந்தா கட்டி வாங்குவோம் என்றார். இன்னொருவர், அதெல்லாம் எதற்கு, ஹைடெக் லேப் இருக்கிறது, பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது, எல்லாம் நெட்டில் கிடைக்கிறது, இப்போது வருகிற நாலு பத்திரிகையைக்கூட நிறுத்திவிடலாம் என்றார். முடிவாகாமல் கூட்டம் கலைந்தது. இதே பேச்சு உங்கள் பள்ளிக்கும் இன்றோ நாளையோ வரும் என்பதால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆங்கில இன்டெக்ஸை வாங்க வேண்டாம். நெட்டை மட்டும் நம்பிப் பத்திரிகைகளை நிறுத்தவும் வேண்டாம். பணத்தைச் செலவு செய்யுங்கள், நம் பிள்ளைகளுக்கான அடைவை நாமே போடுவதற்குச் செலவு செய்யுங்கள்.

அடைவு என்றால் என்ன என்று கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார். நல்ல கேள்வி, யாரும் பதில் சொல்லவில்லை. தடிப் புத்தகத்தின் கடைசியில் சொல் வாரியாகப் பக்க எண் போட்டிருப்பார்கள் அல்லவா, அதையே பத்திருபது பத்திரிகைகளின் பல வருஷ இதழ்களுக்குச் சேர்த்துப் போட்டால் அதுதான் பருவ இதழ் அடைவு. ஒருவர் உட்கார்ந்து இதழைப் படிக்கிறார், இந்தக் கட்டுரை எதைப் பற்றியது என்று யோசிக்கிறார், அந்தத் தலைப்பின் கீழ் கட்டுரையின் பெயர், எழுதியவர், இதழ், மாதம், பக்கம் என்று குறித்துவைக்கிறார். 'அலையோடு ஒரு வாழ்க்கை' என்று பெயர் வைத்துப் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி எழுதியிருந்தாலும் படித்தவருக்கு விஷயம் தெரியும், கடல்பாசி என்ற தலைப்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்.

இதை முதலில் பெரிய அளவில் செய்தவர் ஒரு மாணவர் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி. அமெரிக்காவில் யேல் கல்லூரியில் படித்துக்கொண்டே மாணவர் சங்க நூலகத்தில் வேலை பார்த்த வில்லியம் பிரெடரிக் பூல், கூடப் படித்த பையன்கள் கட்டுரை எழுத விஷயம் தேடி அலைவதைப் பார்த்து, அங்கே இருந்த பத்திரிகைகளுக்கெல்லாம் பொருள் வாரியாகக் கையால் பட்டியல் போட்டு 1848ல் அச்சிட்டார். அப்புறம் 1901ல் வில்சன் என்ற புத்தகக் கடைக்காரர் தொடங்கிய அடைவுதான் அந்த ஊர்ப் பள்ளி நூலகங்களில் எல்லாம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. 2011ல் அந்தக் கம்பெனியை எப்ஸ்கோ என்ற இன்னொரு கம்பெனி வாங்கிக்கொண்டது, இன்றைக்குப் பள்ளிகள் சந்தா கட்டிக் கணினியில் பார்ப்பது இந்த மாதிரி அடைவுகளைத்தான். அந்தத் தம்பி சொன்னது பொய்யில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே நல்ல கருவி. அவர்கள் படிக்கும் பத்திரிகைகள் அதில் இருக்கின்றன.

நம் கதை வேறு. ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னால் புரியும்.

பதினொன்றாம் வகுப்பு. அவளுடைய அம்மாச்சி முப்பது வருஷத்துக்கு மேல் தீவுப் பக்கம் போய்ப் பாசி எடுத்தவர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கி எடுப்பது உங்களில் பலருக்கு வீட்டுத் தொழில், நான் விளக்க வேண்டியதில்லை. ப்ராஜெக்ட்டுக்கு அதையே எடுத்துக்கொண்டாள். போனில் 'மரிக்கொழுந்து' என்று போட்டாள், வீட்டில் அந்தப் பாசிக்கு அதுதான் பேர். பூச்சரத்தில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்து வந்தது, சினிமாப் பாட்டு வந்தது. சரி என்று 'கடல்பாசி' என்று மாற்றிப் போட்டாள். நோன்புக்குச் செய்யும் கடல்பாசி இனிப்பை எப்படிக் காய்ச்சுவது என்று வரிசையாக வீடியோ. அந்த இனிப்பை உறைய வைக்கும் அகர் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுக்கப்படுவது என்று அதில் ஒருவரும் சொல்லவில்லை. அப்புறம் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறாள். மூன்று நாள் கழித்து ஐந்து பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள், முழுக்க ஜப்பானைப் பற்றி. அம்மாச்சியைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏம்மா என்றேன். "அதைப் பத்தி ஒண்ணுமே இல்ல டீச்சர், அதான் எழுதல" என்றாள். ஒன்றுமே இல்லை என்று அந்தப் பிள்ளை நம்பிவிட்டாள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டு வாரம் கழித்து வேறு எதையோ தேடும்போது அதே நூலகத்தில் பீரோவின் அடித்தட்டில், அட்டை கிழிந்த ஒரு பழைய அறிவியல் மாத இதழில் பார்த்தேன். மன்னார் வளைகுடாப் பாசி வகைகள், நாலு பக்கம், கோட்டுப் படத்தோடு. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று நம் பேர்களையே போட்டு, பக்கத்தில் அறிவியல் பேரும் கொடுத்து, எதிலிருந்து அகர் எடுப்பார்கள், எதிலிருந்து ஆல்ஜினேட் என்ற பசைப் பொருளை எடுப்பார்கள் என்பது வரைக்கும் இருந்தது. அவள் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்த பெஞ்சுக்கும் அந்தப் பீரோவுக்கும் பத்தடிகூட இருக்காது. அந்தக் கட்டுரை அங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

நெட் கெட்டது என்று நான் சொல்லவில்லை. இன்றைக்குப் புயல் எங்கே நிற்கிறது, எந்தப் படகைப் பிடித்தார்கள், இதையெல்லாம் நானும் போனில்தான் பார்க்கிறேன். ஆனால் தமிழில், அதுவும் கொஞ்சம் பழைய விஷயத்தைத் தேடும்போது என்ன ஆகிறது என்று குழுவில் இருப்பவர்கள் ஒரு முறையாவது பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரு காலத்தில் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் எழுதினார்கள். 1999ல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு எழுத்துக் குறியீடுகளைத் தரப்படுத்தியும் எல்லோரும் ஒன்றுக்கு வரவில்லை, 2010ல்தான் யூனிகோடை அரசு ஏற்றது. அதற்கு முன்னால் ஏற்றியதில் எவ்வளவோ இன்று திறந்தால் கிறுக்கலாகத் தெரியும், தேடினால் அகப்படாது. ஸ்கேன் செய்து போட்டிருக்கும் பத்திரிகைகளிலும் பல வெறும் படம்தான், பத்திரிகையின் பேரைப் போட்டால் வரும், உள்ளே இருக்கும் கட்டுரையைப் போட்டால் வராது. அப்புறம் எழுத்து. ராமநாதபுரம், இராமநாதபுரம். ராமேஸ்வரம், இராமேசுவரம். கச்சத்தீவு, கச்சதீவு. நூலகத் தளங்களின் தேடு பெட்டியில் ஒன்றைப் போட்டால் மற்றது வராமல் போகிறது, பிள்ளை இல்லை என்று எழுந்து போய்விடுகிறது.

தனுஷ்கோடியை எடுத்துக்கொள்ளுங்கள், வருஷா வருஷம் யாராவது ஒரு பிள்ளை அந்தத் தலைப்பை எடுத்துவிடும். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயல். கடலில் போன ரயிலில் எத்தனை பேர் என்று தேடினால் ஒரு பக்கம் 115 என்கிறது, இன்னொரு பக்கம் 200க்கும் மேல் என்கிறது, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதுதான் எல்லாம். பிள்ளை முதலில் வந்த எண்ணை எழுதிவிட்டுப் போகிறது. 1964 டிசம்பர் கடைசியிலும் 1965 ஜனவரியிலும் வந்த நாளிதழ், வார இதழ்களில் அன்றைக்கு என்ன எழுதினார்கள் என்று போய்ப் பார்க்கச் சொல்வதுதான் வரலாறு படிப்பிப்பது. அதற்கு, எந்த இதழ், எந்தத் தேதி என்று யாராவது கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். அடைவு செய்வது அதைத்தான்.

அப்படியானால் அந்தச் சந்தா அடைவையே வாங்கலாமே என்று கேட்பீர்கள். அதில் 'கட்டக்கோரை' என்று போட்டால் என்ன வரும்? பள்ளிகளுக்கு விற்கும் ஆங்கில அடைவுகள் அந்தந்த நாட்டுப் பிள்ளைகள் படிக்கும் பத்திரிகைகளை வைத்துப் போட்டவை. நம் தமிழ் மாத இதழ்களை அதில் எதிர்பார்க்க முடியாது. இன்னொன்று, அச்சுப் பிரதி வாங்கினால் அலமாரியில் கிடக்கும், ஆனால் இந்த மாதிரி அடைவு சந்தா கட்டும் வரைக்கும்தான் திறக்கும், அடுத்த வருஷம் பணம் வரவில்லை என்றால் கையில் ஒன்றும் நிற்காது. வெளிநாட்டுத் தம்பிகள் ஒரு வருஷம் அனுப்புவார்கள், எல்லா வருஷமும் அனுப்ப முடியுமா? அரசுக் கல்லூரிகளுக்கு மத்திய அரசே 'ஒரு நாடு ஒரு சந்தா' என்று 2024 நவம்பரில் அனுமதி கொடுத்து, மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ஒதுக்கி, 13,000 அளவில் ஆய்வு இதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. பள்ளிகள் அதில் இல்லை. பிள்ளைகள் அரசுக் கல்லூரிக்குப் போனால் அதெல்லாம் கிடைக்கும், நாம் கடன் பட்டு வாங்கிக் காட்ட வேண்டியதில்லை.

பணமே கட்டாமல் கிடைப்பது நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது, இதைச் சொல்லும்போது எனக்கு ஆதங்கமாகத்தான் இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947ல் தொடங்கியது, 1970களின் தொடக்கத்தில் கொச்சிக்குப் போகும் வரைக்கும் அதன் தலைமை அலுவலகம் நம் மண்டபம் கேம்ப்பில்தான் இருந்தது. இன்றும் அங்கே நிலையம் இருக்கிறது. நம் கடலைப் பற்றி, நம் வலையைப் பற்றி, சங்கைப் பற்றி, பாசியைப் பற்றி, கடல் பசுவைப் பற்றி அங்கே இருந்தவர்கள் 1950களிலிருந்து எழுதிய கட்டுரைகள் அந்த நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடக்கின்றன, ஆண்டு வாரியாக, பொருள் வாரியாக, எழுதியவர் வாரியாக. ஆங்கிலம்தான், ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பிள்ளை ஆசிரியர் துணையோடு படித்துவிடலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் இதழ்கள் இருக்கின்றன, அதற்கும் காசில்லை. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அந்த முத்தையா யார்? கோட்டையூர்க்காரர், 1985ல் மாவட்டத்தைப் பிரிக்கும் வரைக்கும் அதுவும் ராமநாதபுரம் ஜில்லாதான். தனி மனிதராகப் புத்தகமும் பத்திரிகையுமாகச் சேர்த்து வைத்ததை வைத்துத்தான் 1994ல் அந்த நூலகமே வந்தது. இவையெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும், தலைமை ஆசிரியர்கள் ஹைடெக் லேப்பில் வாரம் ஒரு பீரியடை இதற்கென்று ஒதுக்கினால் போதும்.

இதற்கு மேலும் ஒரு பெரிய இடம் காலியாகவே இருக்கிறது. நம் நூலகத்துக்கு வருகிற தமிழ் இதழ்கள். துளிர் வருகிறது, 1987லிருந்து தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் நடத்துவது. பள்ளிக் கல்வித் துறையே தேன்சிட்டு, ஊஞ்சல் என்று அனுப்புகிறது. ஏதாவது ஒரு வார இதழ், ஒரு நாளிதழின் இணைப்பு, மீனவர் அமைப்புகள் போடும் சிறு வெளியீடு. இவற்றில் ராமேஸ்வரத்தைப் பற்றி, உப்பளத்தைப் பற்றி, பனையைப் பற்றி, கருவேலத்தைப் பற்றி என்னென்ன வந்திருக்கிறது என்று ஒரு கம்பெனியும் நமக்குப் போட்டுக் கொடுக்கப் போவதில்லை.

நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். கல்யாணப் பத்திரிகை வருமே, தடித்த அட்டை, பின்பக்கம் வெறுமையாக இருக்கும், அதை ஒரே அளவாக வெட்டிக்கொள்வேன். செருப்பு வாங்கின டப்பாவில் அகர வரிசையில் நிறுத்தி வைப்பேன். ஒரு இதழை முழுக்கப் படித்துச் சீட்டுப் போட எனக்கு அரை மணி நேரம் ஆகிறது, சின்ன இதழ் என்றால் இருபது நிமிஷம். மேலே தலைப்பு, கீழே கட்டுரைப் பேர், எழுதியவர், இதழ், மாதம், வருஷம், பக்கம். இதில் கஷ்டம் எழுதுவதில் இல்லை, தலைப்பு வைப்பதில் இருக்கிறது. 'கடல் பசு' என்று ஒருத்தர் எழுதியிருப்பார், நம் ஆட்கள் ஆவுளியா என்பார்கள். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக 2022ல் அறிவித்தது பற்றிய கட்டுரையைத் தேடி வரும் பிள்ளை எந்தப் பேரைச் சொல்லிக் கேட்கும்? அதனால் இரண்டுக்கும் சீட்டு. ஆவுளியா என்ற சீட்டில் 'கடல் பசு பார்க்க' என்று மட்டும் இருக்கும். கடல் அட்டை என்றால் தனிச் சீட்டு, 2001ல் அதைப் பிடிக்கத் தடை வந்ததும், அதனால் பிழைப்புப் போனவர்கள் கதையும் 'கடல் அட்டை, தடை' என்று இன்னொன்று. மரிக்கொழுந்துக்கு மூன்று சீட்டு போட்டிருக்கிறேன், அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டு.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கூட உட்கார்ந்து செய்கிறான். அவனுக்கு வாசிப்பு கொஞ்சம் மட்டு. ஒரு நாள் ஒரு கட்டுரையை இரண்டு முறை படித்துவிட்டு, "டீச்சர், இது மீன் பிடிக்கிறதப் பத்தின்னு போட்டிருக்கான், ஆனா உள்ள முழுக்கக் கடன் பத்தித்தான் இருக்கு, கடன்னு சீட்டுப் போடவா?" என்று கேட்டான். போடு என்றேன். வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கிப் பிடித்த மீனை அவருக்கே கொடுக்கும் வீட்டுப் பையன் அவன்.

சீர்காழியில் பிறந்து சென்னையில் நூலகராக இருந்த ரங்கநாதன் 1931ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் சொன்னார், நாலாவது விதி வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. மூன்று நாள் போனில் தேடி ஜப்பானில் போய் நின்ற பிள்ளையின் நேரத்தை நாம் காப்பாற்றவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. நான் முன்னால் வேலை பார்த்த ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், பத்துப் பன்னிரண்டு வருஷத்து இதழ்களை ஒரு கோடை விடுமுறையில் இடம் அடைக்கிறது என்று பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஜூனில் போனபோது பீரோ துடைத்துச் சுத்தமாக இருந்தது. எதையெதை இழந்தோம் என்று சொல்லக்கூட முடியவில்லை, ஏனென்றால் அதில் என்ன இருந்தது என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. போட்டவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, சீட்டு இல்லாத இதழ் பார்ப்பவர் கண்ணுக்குப் பழைய பேப்பர்தான்.

ஆகவே நான் கேட்பது: இதழ்ச் சந்தாவை நிறுத்தாதீர்கள், முடிந்தால் இரண்டு தமிழ் இதழ் கூடுதலாகப் போடுங்கள். வருஷக் கடைசியில் பைண்டு செய்யுங்கள். அடைவு போட நம் ஊரிலேயே படித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு வாரம் இரண்டு நாளுக்கு மதிப்பூதியம் கொடுங்கள், நூலக அறிவியல் படித்தவர் கிடைத்தால் ரொம்ப நல்லது, கிடைக்காவிட்டாலும் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் போதும். ஒரு வருஷச் சீட்டுகளை கம்ப்யூட்டரில் தட்டிவிட்டால் அடுத்த ஊர்ப் பள்ளிக்கும் அனுப்பலாம், பெரியபட்டினத்தில் போட்ட சீட்டு பாம்பன் பிள்ளைக்கும் ஆகும். ஆளுக்கு இரண்டு இதழாகப் பிரித்துக்கொண்டால் ஒரு பள்ளிக்குப் பெரிய சுமை இருக்காது. அப்புறம், நாம் கட்டும் சொத்து வரியோடு நூற்றுக்குப் பத்து நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அது போகிறது. கிளை நூலகங்களில் கிடக்கும் பழைய இதழ்களைப் பள்ளிப் பிள்ளைகள் வந்து அடைவு போட அனுமதியுங்கள் என்று குழுவின் பேரில் ஒரு தீர்மானம் போட்டு அனுப்பினால், நாம் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இதைத் தொடங்க நல்ல நேரம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்குமான மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், அப்பாமார்கள் வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகளுக்கும் லீவு. கட்டுரையில் வருகிற வலையின் பேரும் மீனின் பேரும் சரியா என்று பார்த்துச் சொல்ல அவர்களைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. நான் செவ்வாய், வியாழன் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் நூலகத்தில் இருப்பேன், எந்தப் பள்ளிக் குழுவிலிருந்து யார் வந்தாலும் சீட்டு எப்படிப் போடுவது என்று கூட உட்கார்ந்து காட்டித் தருகிறேன். வரும்போது வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை கிடந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள், பின்பக்கம் அச்சில்லாததாகப் பார்த்து.